எனக்கென்று ஒரு ராகு காலம்

ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறேன், இருபத்திரண்டு வருடமாக. ஐப்பசி பிறந்தால் எங்களுக்குத் தினசரி காலண்டர் சீசன். கிழிக்கிற தாள் கட்டு சிவகாசியிலிருந்து வந்துவிடும். அட்டையில் சாமி படமும் நகைக்கடை, மளிகைக்கடைப் பெயரும் அடித்து, கட்டை அதில் பொருத்திக் கொடுப்பது எங்கள் வேலை. செவ்வாய்க்கிழமை ராகு காலம் 3 முதல் 4.30 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எனக்கென்று தனியாக ஒரு ராகு காலம் உண்டு, அது தினமும் மாலை 5.45 முதல் 7.30 வரை என்று தெரிந்துகொள்ளத்தான் நாற்பத்தாறு வயது வரை ஆனது.

நான் குடிநோயாளி. ஊரில் குடிகாரன் என்பார்கள், அதற்காகச் சண்டைக்குப் போக மாட்டேன். அடுத்த மாதம் 29-ஆம் தேதி வந்தால் குடிக்காமல் ஆறு வருடம் முடிகிறது. இதை எழுதும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. பயமே இல்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்த கணக்கு ஒன்றும் என்னிடம் இருந்தது: 2019 நவம்பரில், பத்து மாதம். அது எப்படிக் கவிழ்ந்தது, கவிழப்போகிறது என்பதை முன்கூட்டியே எங்கே பார்த்திருக்கலாம் என்பதைத்தான் சொல்ல வந்தேன். சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொண்டு வீட்டில் தூங்காமல் கிடப்பவர்களுக்கும்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 தீபாவளி கழிந்த வாரம், யாரிடமும் சொல்லாமல் வீட்டிலேயே நிறுத்தினேன். முதல் நாள் கை நடுக்கம், சட்டை நனையும் வியர்வை. இரண்டாம் நாள் காலை பல் தேய்க்கும்போது வலிப்பு வந்து விழுந்தேன். வாஷ்பேசின் உடைந்தது, நெற்றியில் ஏழு தையல். தினமும் நிறையக் குடிக்கிற ஆள் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அடுத்த இரண்டு நாளில் ஆள் அடையாளம் தெரியாத பிதற்றல் வரலாம், உயிரே போகலாம் என்று தையல் போட்ட டாக்டர் சொன்னார். அது எனக்கு அதுவரை தெரியாது. மன உறுதிக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே, நிறுத்துவதென்று முடிவெடுத்தவர்கள் முதல் வாரத்தை டாக்டர் கண்ணெதிரில் கழியுங்கள்.

2019 ஜனவரியில் ஒரு சிகிச்சை மையத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். வெளியே வரும்போது டைசல்ஃபிரம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நாம் குடிக்கும் சரக்கை உடம்பு உடைக்கும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்று ஒரு நஞ்சு உண்டாகும். சாதாரணமாக அது உடனே மேற்கொண்டு உடைந்துபோகும். இந்த மாத்திரை அதை உடையவிடாமல் நிறுத்திவைக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி எடுத்து, மூச்சு முட்டிவிடும். மாத்திரையை விட்ட பிறகும் இரண்டு வாரம் வரை இந்த வேலை உடம்பில் இருக்கும். இந்த இரண்டு வாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்ப வரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். இந்த மாத்திரையைத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால் போதும் என்று யோசனை சொல்கிற உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். செய்யாதீர்கள். அவருக்கு இதயக் கோளாறு இருந்து, விஷயம் தெரியாமல் குடித்துவிட்டால் அடக்கம் செய்ய வேண்டிவரும். மாத்திரை போடுகிறவர்களுக்கும் எச்சரிக்கை: சில இருமல் மருந்துகளிலும், நம் பாட்டிமார் பிரசவத்துக்குக் கொடுக்கும் அரிஷ்ட வகைகளிலும் ஆல்கஹால் உண்டு. லேபிளைப் பார்த்துவிட்டுக் குடியுங்கள்.

சரி, நவம்பருக்கு வருகிறேன்.

2019 நவம்பர் 19, செவ்வாய். தூறல். மதியம் சாப்பிடவில்லை. காலண்டர் அட்டை வேலை மூன்று நாளாக முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது, அன்று சாயங்காலம் முடிந்தது. ரோலர் கழுவினேன். மிஷினின் தண்ணீர்த் தொட்டியில் ஐ.பி.ஏ. கலப்போம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அது குடிக்கிற சாராயம் கிடையாது, விஷம். ஆனால் வாசனை மூக்குக்குள் போனதும் உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதுபோல இருக்கும். முதலாளி சந்தோஷமாக இரண்டாயிரம் ரூபாய் கையில் கொடுத்தார். ஆறு மணிக்குக் கிளம்பி, ஆறு இருபதுக்கு ஒரு குவார்ட்டர் வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. துக்கம் இல்லை, சண்டை இல்லை. குடிக்க வேண்டும் என்ற வெறிகூட இல்லை. நல்ல மனநிலையில் இருந்தேன்.

அதற்கப்புறம் பத்து நாள் நிற்கவில்லை.

மறுபடி சேர்ந்து, உடம்பு தெளிந்து, தலை நிற்க ஒரு வாரம் ஆனது. கவுன்சலர் மேடம் கூப்பிட்டார்கள். எவ்வளவு குடித்தீர்கள், ஏன் குடித்தீர்கள் என்று கேட்பார்கள், அழுதுவிடலாம் என்று தயாராகப் போனேன்.

"நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

"அது எப்படி மேடம் ஞாபகம் இருக்கும்?"

"சரி, சாப்பிட்டீங்களா?"

பதில் சொல்ல வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்துச்சு மேடம். அந்த வாரம் பூரா" என்றாள். வேலை அதிகம் என்று நான் சொன்னதை அவள் நம்பியிருந்தாள். நானும் நம்பியிருந்தேன். மூன்று டீ, நாலு பட்டர் பிஸ்கெட்டில் பகலை ஓட்டியிருக்கிறேன்.

என் மனைவிக்கு ஒரு பழக்கம். கிழித்த காலண்டர் தாளைப் போடமாட்டாள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் அல்லவா, அதில் அன்றைய செலவை எழுதி கிளிப்பில் மாட்டிவைப்பாள். பால், பூ, கேஸ்காரருக்கு டிப்ஸ் எல்லாம். மேடம் சொன்னதால் மறுநாள் நவம்பர் கட்டைக் கொண்டுவந்தாள். மேஜையில் வரிசையாகப் பரப்பினோம், சீட்டு விளையாடுவதுபோல.

மாத்திரை வாங்கிய கணக்கு அதற்கு முந்தின மாதத்தோடு நின்றிருந்தது. கடைசி மாத்திரையை நவம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை போட்டேன். காரணம் கேட்டார்கள். வாயில் உலோகக் கசப்பு, பகலில் தூக்கம் சொக்குகிறது, மிஷினில் கை வைக்கிற ஆள் நான் என்றேன். அத்தனையும் உண்மை. ஆனால் அந்தக் கசப்பு பத்து மாதமாக இருந்த கசப்பு. டாக்டரிடம் சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார், நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மாத்திரைகள் இருக்கின்றன. நான் சொல்லவில்லை. வீட்டில் கேட்டபோது, "போட்டாச்சு" என்றேன்.

மேடம் பேனா மூடியால் ஒவ்வொரு சீட்டாகத் தொட்டு எண்ணினார்கள். "மூணாம் தேதி நிறுத்துனீங்க. பத்தொம்பதாம் தேதி குடிச்சீங்க. பதினாறு நாள். ஏன் பத்தாவது நாள் குடிக்கல?"

"நான் கணக்கெல்லாம் போடல மேடம்."

"நீங்க போடல. யாரோ போட்டிருக்காங்க, இல்லையா?"

அந்த அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த ஒரு சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தள்ளி வைத்தாள். 'குடை ரிப்பேர் 30' என்று இருந்தது. அது ஏழாம் தேதி. பதினொன்றில் 'குடை 40'. பதினாலில் 'குடை 30'. பதினெட்டில் 'குடை 50'.

அப்போது சம்பளம் முழுக்க அவள் கையில். எனக்குத் தினமும் நூறு ரூபாய். குடைக்கு மட்டும் தனியாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு கம்பி ஒடிந்த குடையை நான்கு தவணையாக நூற்றைம்பது ரூபாய்க்கு ரிப்பேர் செய்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இன்னும் நூறு போட்டால் பாண்டி பஜாரில் புதிதாகவே வாங்கலாம். ஆனால் அந்தக் குடை ரிப்பேர்காரர் உட்கார்ந்திருந்த இடம் ஒரு டாஸ்மாக் கடைக்கு எதிர் பிளாட்பாரம். நான் வழக்கமாக வீட்டுக்குப் போகும் வழி அது இல்லை. ஜெமினிக்கு நடந்து, பெரம்பூருக்கு 29சி பிடிப்பவன் நான். குடைக்காக வழி மாறினேன். பத்து நிமிஷம் நின்று கம்பி மாட்டுவதைப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்வேன்.

ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று மேடம் சொன்னார்கள். திரும்பக் குடிப்பதற்கு முன்னால், குடியோடு தொடர்பே இல்லாதவை போலத் தோன்றுகிற சின்னச் சின்ன முடிவுகளை ஆள் எடுத்துக்கொண்டே வருவாராம். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கும். குடை ரிப்பேருக்கு மழை காரணம். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுவது) கூட்டத்துக்குப் போகாததற்கு ஓவர்டைம் காரணம். ஓவர்டைம் பணத்தில் ஐந்நூறு ரூபாயைப் போன் கவருக்குள் மடித்துவைத்ததற்கு அவசரம் ஆத்திரம் காரணம். சீட்டுகளைப் பரப்பிப் பார்த்தபோதுதான் எல்லாம் ஒரே திசையில் நடந்து போயிருப்பது தெரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தில் நிறைய வீடுகளில் தவறு நடக்கிறது, எங்கள் வீடு உட்பட. அந்தப் பத்து மாதமும் என் மனைவி தினமும் நான் வாசலில் செருப்பு கழற்றும்போது பக்கத்தில் வந்து நிற்பாள். வாசனை பிடிக்கத்தான். எனக்கும் தெரியும், அவளுக்கும் நான் கண்டுகொண்டது தெரியும். அந்த மோப்பத்தில் ஒரு நாளும் எதுவும் கிடைக்கவில்லை, நான் குடிக்கவில்லையே. ஆனால் நவம்பர் 3-ஆம் தேதியிலிருந்தே நான் குடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். டாக்டர் எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். கல்லீரல் நொதி ஜி.ஜி.டி. கூடியிருந்தால் சமீபத்தில் குடித்திருக்கலாம் என்று ஊகிக்கலாம், நிறுத்திய சில வாரத்தில் இறங்கும். நடந்ததைச் சொல்லும். அடுத்த செவ்வாய்க்கிழமை என்ன ஆகும் என்று சொல்லாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? என் அனுபவத்தில் எனக்கு முதலில் தெரிவது பொய். பெரிய பொய் இல்லை, தேவையே இல்லாத பொய். டீ குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்பது, பஸ்ஸில் வந்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்தேன் என்பது. ஒளிக்க எதுவும் இல்லாத இடத்தில் ஒளிக்கப் பழகுகிறேன் என்றால் உள்ளே ஒத்திகை நடக்கிறது. அடுத்தது வழியும் நேரமும். அதற்கப்புறம் சாப்பாடு, தூக்கம். ஏ.ஏ. கூட்டங்களில் நான்கு கேள்வி சொல்லித் தருவார்கள்: பசியா, கோபமா, தனிமையா, களைப்பா. ரொம்பச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறதே என்று முதலில் சிரித்தேன். இப்போது தினமும் ஐந்தரை மணிக்கு அதைக் கேட்டுக்கொள்கிறேன், அதற்கு முன்னால் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு. எனக்கு அதில் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது: கையில் காசு இருக்கிறதா, இன்று யாராவது என்னைப் பாராட்டினார்களா. துக்கத்தில் குடித்தவன் இல்லை நான். வேலை நன்றாக முடிந்த நாளில் குடித்தவன். ஆளுக்கு ஆள் இது மாறும். தன்னுடையது எது என்று கண்டுபிடிக்கத் தான் விழுந்த இடத்தைத்தான் தோண்ட வேண்டும், அடுத்தவர் பட்டியல் பாதிக்குத்தான் உதவும்.

குடிக்கும் ஆசை வருவதை நான் கடைசியில்தான் வைக்கிறேன். ஆச்சரியமாக இருக்கலாம். "இன்னைக்கு ரொம்பத் தோணுது" என்று வாய்விட்டுச் சொல்கிற நாளில் நான் பத்திரமாக இருந்திருக்கிறேன். அது அலை மாதிரி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். யாரிடமாவது பேசிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு கடத்திவிடலாம். எனக்கு எதுவுமே தோன்றவில்லை, நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லித் திரிந்த நாட்கள்தான் பயங்கரம்.

மேடம் ஒரு கேள்வித்தாளும் வைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தது, அவேர் என்பார்கள். 28 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பு, கூட்டுத்தொகை ஏற ஏற அபாயம் அதிகம். முதல் சிகிச்சையின்போதும் அதை நிரப்பியிருந்தேன். அக்டோபரில் என் மதிப்பெண் மிகவும் நல்லது, பாராட்டு வாங்கினேன். பொய்யாக நிரப்பினேனா என்றால், அப்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. அதனால் இப்போது மாதம் ஒருமுறை இரண்டு தாள் நிரப்புகிறோம். என்னைப் பற்றி நான் ஒன்று, என்னைப் பற்றி என் மனைவி ஒன்று. ஆய்வாளர்கள் அப்படிச் சொன்னார்களா என்றால் இல்லை, இது எங்கள் வீட்டு ஏற்பாடு. எண்ணை நாங்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை. இரண்டு தாளுக்கும் எந்தக் கேள்வியில் வித்தியாசம் இருக்கிறதோ அதைப் பற்றிப் பேசுகிறோம். சண்டையும் வரும்.

சண்டை வராமல் இருக்க ஓர் ஒப்பந்தம் செய்தோம், மேடத்துக்கு எதிரிலேயே. அவள் வாசனை பிடிக்கக் கூடாது, பாக்கெட்டைத் துழாவக் கூடாது. பதிலுக்கு மூன்று கேள்வி கேட்கலாம், எப்போது வேண்டுமானாலும். மத்தியானம் சாப்பிட்டீங்களா? எந்த வழியா வந்தீங்க? மாத்திரை போட்டீங்களா, எனக்கு எதிரில்? நான் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டு சரியில்லை என்று அவளுக்குப் பட்டால், என்னைக் கேட்காமலேயே என் ஏ.ஏ. நண்பருக்குப் போன் போடலாம். அவர் வியாசர்பாடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இதுவரை ஐந்து தடவை போட்டிருக்கிறாள். மூன்று தடவை அவள் பயந்தது வீண் பயம். இரண்டு தடவை இல்லை. அந்த இரண்டுக்காக மூன்றைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்கு அண்ணன் ராத்திரி ஒன்பது மணிக்குப் பைக்கில் வந்து நின்றபோது அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை. அவளும் ஆல்-அனான் கூட்டத்துக்குப் போகிறாள், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கானது அது. அங்கே என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

நாள் கணக்கை வைத்து ஒருவரை எடைபோடுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாள் சொட்டுத் தொடாமல் இருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர். நானும் ஆறு வருடம் போட்டேன். மாலை கழற்றும் நாள் எது என்று உடம்புக்குத் தெரியும். அதே மாதிரிதான் 2020-ம். மார்ச் கடைசியில் ஊரடங்கு, கடைகள் மூடல். எனக்கு நான்காவது மாதம். போனில் மேடத்திடம், "பிரச்சினையே இல்ல மேடம், நெனப்பே வரல" என்றேன். "கடை மூடியிருக்கிறது உங்க பலம் இல்லைங்க. தொறக்கிற அன்னைக்கு எங்க இருப்பீங்க, அதைச் சொல்லுங்க" என்றார்கள். சென்னையில் ஆகஸ்ட் 18-ஆம் தேதிதான் திறந்தார்கள். அன்று காலை பதினொரு மணியிலிருந்து ராத்திரி வரை அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் இருவரும் தண்ணீர்த் தொட்டி கழுவினோம். தொட்டி சுத்தமாகத்தான் இருந்தது. காந்தி ஜெயந்திக்குக் கடை லீவு என்பதால், அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. லீவு நாளில் எனக்குப் பயமில்லை, முந்தின சாயங்காலம்தான் பயம்.

சாவு வீடு பற்றிச் சொல்லியாக வேண்டும். வடசென்னையில் ஒரு சாவு என்றால் பறை, பூ, சரக்கு மூன்றும் வந்துவிடும். கூட வேலை பார்த்த பைண்டர் ஒருவர் 2022-இல் தவறிவிட்டார். அதுவும் குடியால்தான். போகாமல் இருக்க முடியாது. முதல் சிகிச்சையில் எனக்குச் சொல்லித் தந்தது 'வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள்' என்பது. சாவு வீட்டில் தோளில் கை போட்டு அழுகிறவனிடம் அது நடக்காது. அதனால் காலை ஏழு மணிக்கே போனோம், அண்ணனும் நானும். மாலை போட்டேன், அவர் மகன் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தேன். பாக்கெட்டில் பஸ்ஸுக்கு மட்டும் காசு. எடுப்பதற்கு ரொம்ப முன்னாடியே, பதினோரு மணிக்குக் கிளம்பிவிட்டேன். சுடுகாடு வரை வரவில்லை என்று இன்றைக்கும் இரண்டு பேர் என்னிடம் முகம் கொடுப்பதில்லை. அது எனக்கு வருத்தம்தான். கல்யாணத்துக்கும் இதே முறை: எப்போது போவது, யாரோடு, எப்போது கிளம்புவது என்ற மூன்றையும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போவது. மண்டபத்தில் வைத்து முடிவெடுக்கும் நிலையில் நாம் இருக்கமாட்டோம்.

சறுக்கிவிட்டால் என்ன செய்வது? அந்தக் குவார்ட்டரைக் குடித்ததும் எனக்குள் வந்த முதல் எண்ணம், 'எல்லாம் போச்சு, இனிமேல் என்ன' என்பதுதான். பத்து மாதம் போச்சு என்ற அந்த எண்ணம்தான் அடுத்த பத்து நாளையும் குடிக்க வைத்தது, அந்தக் குவார்ட்டர் இல்லை. இதைத் தெரிந்துகொண்டதன் பலன் வேறொருவருக்குக் கிடைத்தது. போன வருடம் எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு தம்பி, ஏழு மாதம் நின்றவன், கோயம்பேடு பக்கத்திலிருந்து போன் செய்தான். "அண்ணே, ஒரு கட்டிங் போட்டுட்டேன்." திட்டவில்லை. எங்கே நிற்கிறாய், சாப்பிட்டாயா, மாத்திரை எதுவும் போடுகிறாயா என்று மட்டும் கேட்டேன். டைசல்ஃபிரம் போட்டிருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அவன் போடவில்லை. ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்தான், ரசம் சாதம் சாப்பிட்டான், ஹாலிலேயே படுத்தான். காலையில் அவனுடைய டாக்டரிடம் கூட்டிப்போனேன். அதோடு நின்றுகொண்டான். கூட்டத்தில் எழுந்து தன் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன் என்று சொன்னபோது அழுதான். ஆனால் அந்த ஏழு மாதத்தில் கற்றது எங்கே போகும்?

சிகிச்சை எடுத்தவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி விழுகிறார்கள் என்று அமெரிக்காவின் போதை ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமாக்காரர்களும் ஏறக்குறைய இதே அளவில் மருந்தை விட்டுவிட்டு மறுபடி சிக்கலில் மாட்டுகிறார்கள் என்பதை ஒப்பிடத்தான் அந்தக் கணக்கு. குடும்பத்தாருக்கு இது ஆறுதல். எனக்கு இது ஒரு காலத்தில் சாக்காக இருந்தது, எல்லோரும் விழத்தானே செய்கிறார்கள் என்று. யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டிய எண் அது.

மையம் தேடுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சென்னையில் இதற்கென்றே 1980-இலிருந்து அடையாறு பக்கம் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, சாந்தி ரங்கநாதன் தொடங்கியது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் பார்க்கிறார்கள். எங்கே போனாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, டாக்டர் தினமும் வருவாரா, வீட்டார் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். அடித்துத் திருத்துகிற இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். நான் கூடுதலாக ஒரு கேள்வி கேட்பேன்: வீட்டுக்குப் போன பிறகு எத்தனை மாதம் கூப்பிட்டுப் பார்ப்பீர்கள்? எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14446 என்ற எண், கட்டணமில்லாத தேசிய உதவி எண், அதில் பேசலாம்.

இப்போது நானும் சீட்டு எழுதுகிறேன். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் என் கையெழுத்தில் மத்தியானம் என்ன சாப்பிட்டேன், எந்த வழியாக வந்தேன், யாரிடம் என்ன பொய் சொன்னேன். மூன்றாவது பெரும்பாலும் காலியாக இருக்கும். எப்போதாவது நிரம்பும். ராத்திரி அவள் தன் செலவுக் கணக்கையும் அதன் கீழேயே எழுதி கிளிப்பில் மாட்டிவிடுவாள்.

போன வாரம் மழையில் குடைக் கம்பி ஒடிந்தது. ராயப்பேட்டையிலேயே ஒரு கடையில் புதிது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன், 320 ரூபாய். அவள் விரித்து, மூடி, திரும்ப விரித்துப் பார்த்தாள்.

"பழசு எங்கங்க?"

"பஸ்ல விட்டுட்டு வந்துட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அன்றைய சீட்டை எடுத்து 'குடை 320' என்று எழுதினாள். கோடு ஒன்று போட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்தில் 'புதுசு' என்று சேர்த்தாள்.